தாய்லாந்துக்காரியின் கிழங்கு

சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு, பூச்சிமருந்து கம்பெனி இரண்டு பேர் தாய்லாந்து போய்வர டிக்கெட் கொடுத்தது. அவன் பொண்டாட்டியிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. மலேசியா வேலைக்கென்று எடுத்து, போகாமல் பெட்டியில் கிடந்தது.

என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"ஆம்பளைங்க அந்த ஊருக்கு இன்னாத்துக்குப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவன் என் தம்பிதான். அவனையும் நம்ப மாட்டேன்."

"நான் மரவள்ளி பாக்கப் போறேன்."

"நம்ம கொல்லையில இல்லாத மரவள்ளியா?"

நான் பொய் சொல்லவில்லை. கிழங்கு ஏற்றிப் போகும்போதெல்லாம் ஜவ்வரிசி ஆலையில், தாய்லாந்து மாவு வந்து இறங்கிவிட்டது, விலை இல்லை என்பார்கள். அந்த நாட்டை அவ்வளவு திட்டியிருக்கிறேன். அங்கே உடம்பு பிடித்துவிட்டே பிழைக்கிறார்கள், கிழங்கை அரசாங்கமே மெஷின் வைத்துப் பிடுங்கிக் கொடுக்கிறது என்று டீக்கடையில் அடித்துப் பேசுவேன். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானே முடிவு செய்தது.

அங்கே மச்சானும் கூட வந்த மற்ற கடைக்காரர்களும் கடலுக்குப் போன நாளில், அரைகுறைத் தமிழ் பேசும் வழிகாட்டிப் பெண்ணை நச்சரித்து ஒரு மாவு ஆலைக்குப் போனேன். வாசலில் கிழங்கு வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே அதே தராசு, அதே தண்ணீர்த் தொட்டி. ஒரு கூடைக் கிழங்கை வெளியே நிறுத்து, பிறகு தண்ணீரில் முக்கி நிறுப்பார்கள். அதில் வருவது பாயிண்ட், கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்ற கணக்கு. பாயிண்ட் குறைந்தால் விலை குறையும். என் மனைவி வயதில் ஒருத்தி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தராசுக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாமலே எனக்கு எல்லாம் புரிந்தது. போனில் வீடியோ எடுத்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"கொசுவலை விக்க வந்தியான்னு கேக்குது," என்றாள் வழிகாட்டி. அங்கே ஊரூராகக் கொசுவலை விற்பது நம் ஆட்கள்தானாம்; இந்தியாக்காரன் என்றால் அவளுக்குக் கொசுவலைக்காரனாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையை விரித்து உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டினேன். பார்த்தாள், சிரித்தாள், தன் கையையும் காட்டினாள். பிறகு நெடுநேரம் பொரிந்து தள்ளினாள். பக்கத்து நாட்டுக் கிழங்கு லாரி லாரியாக வந்து விலையைக் கெடுக்கிறதாம். அந்த நாட்டுக்காரர்கள் சுத்தச் சோம்பேறிகளாம்.

வீட்டுக்கு வந்து பையை இறக்குவதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"யாரு இவ?"

"கிழங்கு போடறவ. பாயிண்ட்டுக்குச் சண்டை போடறா."

வீடியோவை முழுக்கப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். எங்கள் கிழங்கு போகும் நாளில் ஆலையில் தொட்டியை ஒட்டி நிற்பது என் மனைவிதான். இவள் நின்றால் தராசுக்காரனுக்கு வேர்க்கும்.

"கூடை தொட்டியில இடிச்சிக்கினு இருக்குது. அப்புறம் பாயிண்ட் எப்டி வரும்? அவ இன்னாடான்னா அவன் மூஞ்சியப் பாத்துக் கத்திக்கினு கீறா. நீ சொல்லக் கூடாதா?"

"பாஷை தெரியாதே."

"கைய நீட்டிக் காட்டத் தெரியாதா? இவ்ளோ தூரம் போயி படம் பிடிச்சிக்கினு நின்னியா?"

அதன் பிறகுதான் சோறு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த தபா நானும் வரேன். கடலுக்கு இல்ல, அந்தத் தொட்டிக்கு."

அந்த வாரமே அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்.