இடப்பக்கத்துச் சின்னக் கோடு

என் சித்தப்பாவைப் படகுப் பட்டறையில் டைமிங் என்றுதான் கூப்பிடுவார்கள். நேரத்துக்கு வேலைக்கு வருபவர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விஷயத்தில் அவர் சுமார்தான். படகுகளின் டீசல் இன்ஜினைப் பிரித்துக் கோத்த பிறகு, வால்வு எப்போது திறக்க வேண்டும், டீசலை எந்தக் கணத்தில் உள்ளே பீய்ச்ச வேண்டும் என்று பொருத்தி வைப்பது அவர் வேலை. பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரச் சற்று முன்னால் டீசல் விழ வேண்டும். ரொம்ப முந்தினால் இன்ஜின் தட்டும். பிந்தினால் புகைதான் மிச்சம்.

ஐம்பதைத் தாண்டியதும் அவருக்குக் கண் மங்கியது. போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள் என்று சொல்லி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். சித்திக்கு மட்டும்தான் இது தெரியும். வால்வுக்கு விரல் போதும். இடுக்கில் மெல்லிய தகட்டை விட்டு இழுத்தால் பிடிப்பு கைக்கே தெரிந்துவிடும். டீசலுக்குக் கண் வேண்டும். பெரிய சக்கரத்தின் விளிம்பில் வெட்டியிருக்கும் கோடு, பக்கத்தில் பொருத்தியிருக்கும் முள்ளுக்கு நேராக வருவதை எண்ணெய்ப் பிசுக்கிலும் இருட்டிலும் பார்த்தாக வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் சித்தி படகுக்குள் இறங்கத் தொடங்கினாள். அவர் கம்பியால் சக்கரத்தை நெம்புவார். அவள் டார்ச் அடித்துக்கொண்டு குந்தியிருப்பாள்.

"பெரிய கோடு பிஸ்டன் உச்சி. அதுக்கு இடப்பக்கம் சின்னதா ஒண்ணு இருக்கும். அது முள்ளுக்கு நேரா வந்ததும் சொல்லு."

"வலப்பக்கமும் ஒண்ணு இருக்கேங்க."

"அது நமக்கு வேணாம்."

மேலே ஆட்கள் சிரித்தார்கள். "டைமிங் அண்ணனுக்கு இந்த வயசுல இருட்டுல ஊட்டி விட ஆள் வேணுமாம்." சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை நிமிராமல் ஏணியில் ஏறிப் போவாள்.

இப்படியே நிறையப் படகுகள் ஓடிவிட்டன. அப்புறம் இரட்டை இன்ஜின் வைத்த பயணிகள் படகு ஒன்று வந்தது. அந்த மாதிரிப் படகில் இரண்டு இன்ஜினும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும். முதல் நாள் இடது இன்ஜினை முடித்தார்கள். மறுநாள் வலது இன்ஜினுக்கு முன்னால் சித்தி உட்கார்ந்தபோது ஏணியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது.

"நேத்து மாதிரிதானே?" என்று கேட்டாள் சித்தி.

"ம், சீக்கிரம்," என்றார் சித்தப்பா.

ஓட்டிப் பார்த்த அன்று முதலாளியும் வந்திருந்தார். இடது இன்ஜின் முதல் தடவையே பிடித்தது. வலது இன்ஜின் வெள்ளைப் புகையைக் கக்கி, இருமி, நின்றது. மறுபடியும் புகை. ஃபோர்மேன் சித்தப்பாவைவிட இளையவர். கீழே போய்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து மேலே வந்தார்.

"இது எதிர்ப்பக்கம் சுத்துற இன்ஜின்ணே. வலப்பக்கக் கோட்டுல வைக்கணும். பிஸ்டன் உச்சிக்கு வந்து இறங்குனப்புறம் டீசல் அடிச்சா எப்படிப் பிடிக்கும்? உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "குடிச்சிருந்தீங்களா?"

குடிகாரனைத் திட்டிவிட்டு வைத்துக்கொள்ளும் பட்டறை அது. கண் போனவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன் சொன்னார்: "ஆமா. கொஞ்சம்."

ஃபோர்மேன் திரும்பினார். சித்தி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள். "அக்கா, உண்மையா?"

"ரொம்ப நாளாவே குடிக்கிறாரு தம்பி," என்றாள் சித்தி.

டைமிங் வேலை அவர் கையைவிட்டுப் போயிற்று. மண்ணெண்ணெய்த் தொட்டியில் கழற்றிய பாகங்களைக் கழுவ அவரைப் போட்டார்கள். அதற்குக் கண் தேவையில்லை. படியில் தடுக்கினால், "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்கள். அது வசதியாகவே இருந்தது. சகாக்கள் குடிக்கக் கூப்பிட்டால் போவார். உதட்டை நனைத்துக்கொண்டு, மீதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு வருவார். சித்தி அந்தச் சட்டையை அவசரப்பட்டுத் துவைக்க மாட்டாள். சொட்டு மருந்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

ஒரு மழைக்காலக் காலையில் படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அவர் கால் வைத்தார். அங்கே பலகை போட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறார். அலை படகைச் சுவரோடு சேர்த்துத் தள்ளியது.

துக்கத்துக்கு ஃபோர்மேன் வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "தங்கமான வேலைக்காரர்க்கா. அந்தக் குடி மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

"என்ன பண்றது தம்பி," என்றாள் சித்தி.

ஃபோர்மேன் முதுகுக்குப் பின்னால், ஜன்னல் மேடையில், சித்தப்பா இறந்த அன்று காலை திறந்த கண் மருந்து பாட்டில் அப்படியே இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிறவள்போல எழுந்து போய், அதை முந்தானைக்குள் மூடி எடுத்துக்கொண்டாள்.