யார் பக்கம்

மனிதருக்கு நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், நாற்பத்தாறு என்று வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். என் வயிற்றுப் பிள்ளைக்கு நாற்பத்தேழு என்று கொழும்பில் டொக்டர் சொன்னார். இரண்டு கரு கலைந்து நாற்பது வயதில் தரித்ததால்தான், போர்க்காலப் பாஸ் எடுத்து வவுனியா தாண்டிப் போய்ப் பனிக்குட நீரைச் சோதிக்கக் கொடுத்திருந்தோம். பிள்ளை எல்லாவற்றிலும் மெதுவாக வளரும், இதயமும் பழுதாக இருக்கலாம் என்றார்.

"ஆரின்ர பக்கத்தால வந்தது டொக்டர்?" என்று என் கணவர் அழுதுகொண்டே கேட்டார்.

"ஒருத்தரின்ர பக்கமும் இல்லை. தற்செயல்."

ஊருக்கு அந்தப் பதில் போதவில்லை. நாங்கள் திரும்பி வந்த கிழமையே என் கணவரின் தாய், மாமி, குசினி அடுப்படியில் தொடங்கிவிட்டார். "எங்கட பரம்பரையில இப்பிடி ஒரு குறையும் இல்லை." என் அம்மா விடுவாரா? "எங்கட பக்கம் எல்லாரும் படிச்ச ஆக்கள்." இன்னும் பிறக்காத பிள்ளையை இரண்டு பேரும் வேலிக்கு அந்தப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குறை இல்லை மாமி, ஒண்டு கூடத்தான். கொழும்பில எண்ணிப் பாத்துத்தான் சொன்னவை. உங்களுக்கும் எனக்கும் நாப்பத்தாறுதான்."

மாமிக்கு விளங்கவில்லை. கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனார். முற்றத்தில் மண்வெட்டியோடு நின்ற என் கணவர், கொழும்பிலிருந்து வந்தபிறகு முதன்முறையாகச் சிரித்தார். அதன்பின் யார் கேட்டாலும் "என்ர பக்கம்தான்" என்று அவர் சொல்வார். "இல்லை, என்ர பக்கம்" என்று நான் முந்துவேன்.

பயம் இல்லையா? இருந்தது. பிள்ளை அசையாத நாளெல்லாம் செத்துப் பிழைத்தேன். ஆனால் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால், "கடவுள் எடுத்தால் நல்லது" என்று சொல்லப் பலர் காத்திருந்தார்கள்.

அவள் வீறிட்டுக்கொண்டு பிறந்தாள். மாமி குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்தார்.

"மூக்கு எங்கட ஆக்களின்ர மூக்கு."

"நெத்தியைப் பாருங்கோ, அது எங்கட பக்கம்" என்று அம்மா பாய்ந்தார்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. பிள்ளையை என்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

"அவள் ஆரின்ர பக்கம் எண்டு இனி ஒருத்தரும் கதைக்க வேண்டாம்" என்றேன். "நான் இவளின்ர பக்கம். நீங்கள் ஆரின்ர பக்கம் எண்டு இப்ப சொல்லுங்கோ."