சிவப்புக் கோடு

பிள்ளைகளே, என் மகள் நகர அறிவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். கட்டடம், வெயில், மனித உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் படிப்பு அது. போன கத்திரி வெயிலில், வெப்பம் அளக்கும் சின்ன டப்பா ஒன்றை என் வேலைச் சட்டையில் மாட்டிவிட்டாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இரும்புக் கம்பி வெட்டுவது என் வேலை. இன்னொரு டப்பாவை எங்கள் தகர ஷீட் வீட்டுச் சமையலறையில் தொங்கவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, கம்ப்யூட்டரில் இரண்டு டப்பாவும் அளந்த வெப்பத்தை இரண்டு கோடுகளாகக் காட்டினாள். நீலம் கீழே, சிவப்பு மேலே.

"செவப்பு எங்க கம்பெனிதானே?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"இல்ல நைனா. அது நம்ம ஊடு. அம்மா சமைக்கிற எடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனியில் எங்களுக்குப் பெரிய ஃபேன் உண்டு, மோர் உண்டு. தலை சுற்றுகிறது என்று மனைவி சொன்னபோதெல்லாம், "நெழல்ல குந்திக்கினு உனக்கு இன்னா சுத்துது?" என்று சிரித்திருக்கிறேன். அவள் மயங்கி விழுந்த அன்றுகூட, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று திட்டினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் சொன்னா நம்பல. டப்பா சொன்னா நம்புவியா நீ?"

மறுநாள் லீவு போட்டு, அடுப்பை வெளியே மாற்றினேன். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினேன்.

அடுத்த வாரம் மகள் எங்கள் தெருவின் மற்ற வீடுகளிலும் டப்பா மாட்டப் போனாள். ஏணி பிடிக்க நானும் போனேன். கதவைத் திறந்த பெண்களிடம், "தல சுத்துதாம்மா?" என்று கேட்டேன். ஒருவர்கூட "இல்லை" என்று சொல்லவில்லை.

அந்தத் தெருவில்தான் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன்.