திருப்பிப் போட்ட வலை

அண்ணி வீட்டுப் பின்புறத்தில் பாகற்கொடி ஏறியிருப்பது ஒரு பழைய நீல வலை. அதன் நடுவே பச்சை நூலில் போட்ட ஒட்டு ஒன்று. அதை மறைக்கிற இலைகளை மட்டும் அண்ணி விடாமல் கிள்ளிப் போடுவார். இப்படிக் கிள்ளினால் காய் எப்படிப் பிடிக்கும் என்று நான் கேலி செய்வேன்.

அண்ணி மீஞ்சூரில் கணக்கு டீச்சர். வலை கிழிந்த அன்று கையில் பச்சை நூல்தான் இருந்தது என்று அண்ணன் அதிலேயே பின்னிவிட்டார். இடப்பக்கம் வால்போல நீண்ட அந்த ஒட்டின் வடிவத்தை அண்ணி வகுப்புக்குக் கொண்டுபோனார். ஒரு வலைக்கண்ணுக்கு ஒரு கட்டம் என்று வரைந்து, இரண்டு உருவங்கள் ஒன்றுதானா என்று பார்க்கும் பாடம். கட்டங்களை எண்ணு, சுற்று விளிம்பை எண்ணு. இரண்டும் ஒத்துப்போனாலும் நம்பாதே, நாலு பக்கமும் சுழற்று, பிறகு கவிழ்த்துப் போட்டு மறுபடி சுழற்று. "என் கிழிசல வச்சே பாடம் எடுக்கிறா பாரு" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஓர் ஆனி மாதக் காற்றில் அண்ணன் போன படகு திரும்பவில்லை. கடைசியாகத் தெற்கே பார்த்ததாக யாரோ சொல்ல, தேடும் படகுகள் தெற்கே கிளம்பத் தயாராக நின்றன. அப்போதுதான் சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர், வடக்கே கடலில் மிதந்து கிடைத்த வலையைப் படம் எடுத்து அனுப்பினார். பச்சை ஒட்டு இருந்தது. ஆனால் வலைக்கண்களெல்லாம் இழுபட்டுச் சாய்ந்து, அண்ணன் வலையில் இடப்பக்கம் நீண்ட வால் இதில் வலப்பக்கம் நீண்டிருந்தது. இது வேறு வலை என்றார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

அண்ணி மணலில் உட்கார்ந்தார். போனைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கண்ணை எந்தக் கண் தொடுகிறது என்று கட்டம் கட்டமாகக் குச்சியால் வரைந்தார். வகுப்பில் வரைந்த ஒட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போனது. விளிம்பும் ஒத்துப்போனது. சுழற்றிப் பார்த்தார், பொருந்தவில்லை. அத்தோடு கை நின்றுவிட்டது. நான் நிற்க முடியாமல் அங்குமிங்கும் நடந்தேன். கத்திவிடுவேன் போலிருந்தது. பிறகு அவர் மணலைத் தடவி அழித்து, கவிழ்த்து வரைந்தார்.

"நம்ம வலைதான். வடக்க போங்க."

மறுநாள் எஞ்சின் செத்துப்போன படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்துப்போய் அண்ணன் இறங்கினார். அலையில் படகு கவிழப் பார்த்ததால் வலையை அறுத்துவிட்டார்களாம். மிதந்து கிடைத்த அந்த வலைதான் இப்போது பாகற்கொடியைத் தாங்குகிறது.

அன்றைக்கு ஏன் கை நின்றது என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"பொருந்தவே கூடாதுன்னு வேண்டிக்கினேன். வலைய அறுத்து வுட்டிருந்தா படகுல இன்னா ஆயிருக்கும்னு பயம். கவுத்துப் பாக்காம அப்டியே எழுந்து வந்திருந்தா?"

இன்றும் அண்ணன் கடலுக்குப் போயிருக்கிறார், காற்று பலமாக இருக்கிறது. அண்ணி பின்புறத்தில் இலை கிள்ளிக்கொண்டிருக்கிறார். ஒட்டின் மேல் ஓர் இலைகூட இல்லை.