சேணப்பையில் வைத்த வால்

எனக்கு எண்பத்தொரு வயது. எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடத்தை நான் கண்டது கொஞ்சக் காலம். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவசரப்படக் கூடாது என்று சொல்லித்தான் கதிரையில் இருத்தியிருக்கிறேன்.

வேலணைக் கரையில் எங்கள் வீடு. படலையைத் திறந்து நின்றால் புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி தெரியும். கடலுக்குள் கல்லைக் கொட்டி உயர்த்திய தெரு அது. இரண்டு பக்கமும் இடுப்பளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் தடி நட்டு, வலை கட்டி, மீன் பிடிக்கிறதுதான் எங்கள் சனத்தின் தொழில். ஐயா செத்த பிறகு அந்தக் கரைக்கு என் அண்ணைதான் பெரிய ஆள்.

என் மனிசன் நெடுந்தீவில் பிறந்து, என்னைக் கட்டி, எங்கள் கரைக்கு வந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்னால் பெட்டி கட்டி, புங்குடுதீவில் மீன் எடுத்து யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோனார். அவருடைய தகப்பன் மட்டக்குதிரை வைத்திருந்தவர். குதிரையின் முதுகில் இரண்டு பக்கமும் தொங்குகிற பையைப்போல மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கு மேலும் ஒன்று வேண்டும் என்று நின்றார். பழைய பாய்ச்சீலையில், சாக்கு ஊசியாலும் வலை நூலாலும் நான்தான் தைத்தேன். சேணப்பை என்று அதற்குப் பெயர் வைத்தார். ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. இன்றுவரை ஒரு தையல் விடவில்லை.

காலையில் அந்தப் பையை அடுக்குகிறது என் வேலை. அவர் அடுக்கினால் தேவையான நேரத்தில் ஒன்றும் கைக்கு வராது. எண்ணெய்த் துணியில் சுற்றிய பிளக். ஸ்பானர். ரயர் கழற்றுகிற இரும்பு. ஒட்டுகிற பசையும் ரப்பர்த் துண்டும் உரஞ்சுகிற கடதாசியும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள். மழைக்கு மெழுகுசீலை. ஒரு போத்தல் தண்ணீர், ஏனென்றால் தாம்போதியில் நின்றுபோனால் சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஓலைப்பெட்டியில் பிட்டு. அந்தோனியாரின் படம். அதோடு வால்கட்டை. ரியூப்புக்குள் அடைத்த காற்றை வெளியே விடாமல் மறிக்கிற சின்னச் சாமான் அது. சைக்கிள் ஓடுகிறவர்கள் அவசரத்தில் வால் என்றே சொல்லுவார்கள். "வாலால காத்துப் போகுது" என்பார்கள்.

பையின் அடியில் இன்னொரு வாலும் இருந்தது. திருக்கை வால். திருக்கை மீனை வெட்டும்போது வாலை எறியமாட்டோம். கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் அது சாட்டை. அதன் உடம்பு முழுக்கப் பொடி முள். பட்ட இடத்தில் தோல் கிழிந்து வரும். காயம் இலேசில் ஆறாது, ஆறினாலும் தழும்பு போகாது. காய்ந்து முறியாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் பூசிக் கடதாசியில் சுருட்ட வேண்டும். அதையும் நான்தான் செய்தேன். பிட்டில் படக் கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு அறை தைத்திருந்தேன். கள்ளருக்கும் வெறிகாரருக்கும் என்று அவர் காரணம் சொல்லுவார். என் மேல் அந்த வாலை எடுத்ததில்லை. கையை ஓங்கியிருக்கிறார். நானும் நின்று வாங்குகிறவள் இல்லை. உலக்கை எனக்கு எட்டுகிற இடத்தில்தான் எப்போதும் இருந்தது.

மீன் ஏற்றுகிறதோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது. ஒரு வருசம் தானும் தடி நட்டார், அண்ணையின் வலைக்குப் பக்கத்தில். அண்ணை வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

"தங்கச்சி, உன்ர குதிரைக்காரனிட்டச் சொல்லு. மீனைச் சுமக்கட்டும். எங்கட கடலில தடி நட வேண்டாம்."

இவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

"கடலுக்கு எப்ப மச்சான் வேலி அடைச்சனீர்? நான் காணேல்லை."

"பகிடி விடாதையும். நெடுந்தீவில குதிரைக்குப் பின்னால ஓடின ஆள் நீர். இஞ்ச வந்து மீனுக்குப் பின்னால ஓடப் பாக்கிறீர்."

"குதிரைக்குப் பின்னால நிண்டால் உதை விழும். அது உமக்குத் தெரியாது போல."

நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் ஏசினேன். அண்ணை காறித் துப்பிவிட்டுப் போனான். அடுத்த கிழமை இவருடைய வலை ஒரு கண் மிச்சமில்லாமல் வெட்டிக் கிடந்தது. வெட்டியது அண்ணையோ, வேறு யாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இவருக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை.

நேரே கள்ளுத் தவறணைக்குப் போனார். அங்கே அண்ணையின் வள்ளத்தில் தொழில் செய்கிற பொடியன் ஒருவன் இருந்தான், கலியாணம் கட்டாதவன். இவரைக் கண்டதும், "குதிரைக்காரனுக்குக் கடிவாளம் அறுந்துபோச்சாம்!" என்று கள்ளு வார்த்த ஓலைப் பிளாவோடு எழும்பிச் சிரித்தான். இவர் திரும்பி நடந்து, சேணப்பையைத் திறந்து, வாலை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் அடி காதிலிருந்து நாடிவரை கிழித்தது. இரண்டாவது தலையைச் சுற்றி வளைந்து, நுனி கண்ணுக்குள் போனது.

அந்த வாலைக் கழுவியது நான். முள்ளுக்குள் தோலும் மயிரும் ஒட்டியிருந்தன. மீன் இரத்தம் என் கைக்குப் பழக்கம். இது எத்தனை வாளி ஊற்றியும் போகவில்லை. இவர் வாசலில் இருந்து பிட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அந்தப் பொடியனின் தாய் தலையை விரித்துக்கொண்டு வந்தாள். எங்கள் முற்றத்து மண்ணை அள்ளி எங்கள் வாசலுக்கே எறிந்தாள்.

"உன்ர புருசன்ர வால் என்ர பிள்ளையின்ர கண்ணைத் திண்டு போட்டுது. இனி உன்ர கொண்ணன்ர கண்ணைத் தின்னும். பாத்துக்கொண்டிரு!"

எனக்கு இருந்தது அந்த ஒரு அண்ணை. அம்மா செத்த பிறகு எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவன். முரட்டுக் கையால் பேன் பார்த்தவன். அவனுடைய முகத்தை அந்த வாலுக்குக் கொடுக்க நான் ஆயத்தமில்லை. வேண்டாம் என்று மனிசனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"உம்மட அண்ணை எண்டால் என்ர வலையை வெட்டலாமோ?"

"ஆர் வெட்டினது எண்டு கண்டனீங்களோ?"

"காணத் தேவையில்லை. நீர் உம்மட வேலையைப் பாரும்."

என் வேலை பை அடுக்குகிறது. அதைப் பார்த்தேன்.

அண்ணை தாம்போதியடியில் புதுத் தடி நடுகிறான் என்று ஒரு நாள் காலை இவர் கேள்விப்பட்டார். சந்தைக்குப் போகாமல், வெள்ளைச் சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சாறத்தை மடித்துக் கட்டினார். "இண்டைக்கு ஒரு முடிவு காணவேணும்" என்றார். நான் குசினிக்குள் போய்த் திருக்கை வாலைத் தவிட்டுப் பானைக்குள் புதைத்தேன். பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை, வால்கட்டை இருக்கிற பக்கமாக ஒரு முழம் வெட்டி, அதே எண்ணெய்க் கடதாசியில் அதே பருமனுக்குச் சுருட்டி, சேணப்பையின் அடியில் அந்தத் தனி அறைக்குள் வைத்தேன்.

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே கத்தினார்.

"இஞ்சரும்! வாலை வைச்சனீரோ?"

"ஓம், வைச்சனான்."

பையை வெளியே தட்டிப் பார்த்தார். சுருள் கைக்குத் தட்டுப்பட்டது. போய்விட்டார்.

வெறுங்கையாக நின்றால் வாய்ச்சண்டையோடு முடியும் என்பது என் கணக்கு. அண்ணையின் கையில் என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், மட்டி பொறுக்குகிற மாமி ஒருத்தி இளைக்க இளைக்க ஓடி வந்தாள்.

"எடி பிள்ளை, ஓடு! கொண்ணன் துடுப்போட நிக்கிறான். பக்கத்தில இன்னும் ரெண்டு பேர். உன்ர மனிசனை அடிச்சுக் கொல்லப் போறாங்கள்!"

தவிட்டுப் பானையைத் தூக்கி நிலத்தில் போட்டேன். பானை சிதறியது. வாலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர முதல் நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அண்ணையைப் பார்த்துக்கொண்டே பைக்குள் கை விட்டு, கடதாசியை உருவி எறிந்து, ஓங்கியிருக்கிறார். கையில் கறுப்பு ரியூப் ஒரு முழம், நுனியில் வால்கட்டை.

"காத்தடிக்கப் போறாரடா!" என்று அண்ணையின் ஆள் ஒருவன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தானாம். மற்றவன், "சைக்கிள் பம்மைக் கொண்டு வாங்கோ!" என்றானாம். அண்ணை சிரிக்கவில்லை. துடுப்பால் போட்டான்.

நான் கண்டபோது மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது. பெற்றோல் கல்லில் வழிந்துகொண்டிருந்தது. பிட்டுப் பெட்டி தெருவில் கொட்டுப்பட்டுக் கிடந்தது. இவர் முழங்காலில் நின்றார். வலக்கை முழங்கைக்குக் கீழே மடிந்து, வெள்ளை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. வாயால் இரத்தம். அண்ணை துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். அது இறங்கினால் மண்டை பிளக்கும்.

அண்ணையின் வெறும் முதுகு எனக்குத் தெரிந்தது. என் முழுப் பலத்தையும் போட்டு அடித்தேன்.

தோல் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. பாயைக் கிழித்ததுபோல. அவன் துடுப்போடு சுழன்று திரும்பினான்.

"தங்கச்சி! நீயோ?"

"போடு துடுப்பை!"

"நீ எனக்கோ அடிக்கிறாய்? உனக்குத் தலை இழுத்த கையடி இது!"

அந்தக் கையின் மேல்தான் இரண்டாவது அடி. துடுப்பு விழுந்தது. விரலெல்லாம் சிவப்பாகி, நகத்தால் சொட்டியது. அவனுடைய ஆட்கள் இரண்டு பேரும் கடலுக்குள் குதித்து நின்றுகொண்டு பார்த்தார்கள். என்னிடம் கிட்ட வர ஒருவனுக்கும் துணிவில்லை.

நிலத்திலிருந்து என் மனிசன் கத்தினார். எலும்பு வெளியே நிற்கிறது, ஆள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

"நான் வைக்கச் சொன்ன வால் உம்மட கையில ஏன் கிடக்கு?"

"வால் எண்டுதானே சொன்னனீங்கள். வால்கட்டையைப் பைக்குள்ள வைச்சுத்தானே விட்டனான்."

"எடி விசரி! தா இஞ்ச அதை!" என்று இடக்கையை நீட்டி, அண்ணையின் பக்கம் ஊர்ந்தார். நாங்கள் கலியாணம் கட்டின பிறகு அன்றுதான் முதல்முறையாக என்னை எடி என்றார். கொடுத்திருந்தால் அந்த ஒற்றைக் கையாலேயே அண்ணையின் முகத்தை உரித்திருப்பார். நீட்டின கையிலும் ஒன்று போட்டேன். ஐயோ என்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"இனி ஆர் எழும்பினாலும் அடி விழும்" என்றேன். "மனிசன் எண்டும் பாக்கமாட்டன், அண்ணை எண்டும் பாக்கமாட்டன்."

இரண்டு பேரும் எழும்பவில்லை. புங்குடுதீவுப் பக்கமிருந்து பஸ் வந்தது. பாதையில் மோட்டார் சைக்கிள் கிடந்ததால் நின்றது. சனம் இறங்கி இவரைத் தூக்கியது. காலைப் பிடிக்க ஆள் காணாமல் நின்றபோது அண்ணை வந்து பிடித்தான். என்னைப் பார்க்கவில்லை. அவனுடைய முதுகால் வடிந்த இரத்தம் பஸ் படியெல்லாம் சொட்டியது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இவர், மோட்டார் சைக்கிளால் விழுந்தேன் என்று சொன்னார். பொலிசுக்கு ஒருவரும் போகவில்லை.

கை கோணலாகத்தான் பொருந்தியது. தடி நடுகிறதை அதோடு விட்டார், மீன் ஏற்றுகிறதை விடவில்லை. அண்ணையும் இவருடைய பழைய தடிகளைப் பிடுங்காமல் விட்டான். என்னோடு பேச்சில்லை. நான் அனுப்பின மருந்தெண்ணெய்யை, "அடிச்ச கை பூச வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினான். என் மகன் அவனுடைய மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோதுதான் எங்கள் படலையைத் திறந்து வந்தான். முற்றத்தில் நின்று சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான்.

"மருமோன், இது உன்ர கொம்மாவின்ர கைவேலை. பாத்திட்டு யோசி."

"எனக்கும் போட்டவதான் மச்சான்" என்று இவர் இடக்கையை நீட்டினார். இரண்டு பேரும் தழும்புக்குத் தழும்பு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கூடிச் சொல்லத் தொடங்கினார்கள், எழுத்தறியாதவள் வாலையும் வால்கட்டையையும் மாறி வைத்துவிட்டாள் என்று. ஒரு பெண் தெரிந்தே மறித்து அடித்தாள் என்பதைவிட அந்தப் பகிடியில் அவர்களுக்கு வெட்கம் குறைவு. ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது. சாகும்வரை இரண்டு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். இதை எழுதுகிற பேத்தி அவர்கள் இரண்டு பேருடைய பேத்தியும்தான். அவளும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தாள்.

நான் மாறி வைக்கவில்லை. எந்த வால் எது என்று அந்தக் கரையில் என்னைவிடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தெரிந்துதான் வைத்தேன், தெரிந்துதான் அடித்தேன். கண் போகாமல் அண்ணை செத்தான், மண்டை பிளக்காமல் மனிசன் செத்தார். அதைத்தான் எழுதச் சொன்னேன்.

"பிள்ளை, எழுதினது காணும், நிப்பாட்டு. இப்ப முதலில இருந்து வாசி பாப்பம். உன்ர கொம்மாவின்ர அப்பாவுக்கு நான் அடிச்ச இடத்தை விழுங்காமல் வாசி. தெரியாமல் வைச்சவ எண்டு எங்கையும் எழுதிக் கிடந்தால், அதை வெட்டிப்போட்டுத் திருப்பி வாசி."