மனுவில் நுழைந்த சகுண்டம்

பாலசுந்தரம் வாத்தியாருக்குப் பயம் பிறவியிலேயே வந்தது என்று அவர் மனைவி தாட்சாயணி சொல்வாள். பஸ் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஸ்டாண்டில் போய் நிற்பார். தபால்காரர் தெருவில் திரும்பினாலே மேல்துண்டைச் சரி செய்துகொள்வார். நகரியில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, மதராஸில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கி, சத்தியவேட்டில் பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்திய மனுஷர். இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை துணிந்து ஒரு காரியம் செய்தார். அதையும் பெயர் போடாமல் செய்தார்.

அவருக்கு உயிரான பாடம் பழைய கிரேக்க, ரோமானியச் சண்டைகள். சண்டையைவிடச் சமாதானத்தில்தான் அக்கறை அதிகம். எந்த உடன்படிக்கை எத்தனை வருஷத்துக்கு என்று எழுதப்பட்டது, எத்தனை வருஷம் தாங்கியது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் முப்பது வருஷத்துக்கென்று செய்துகொண்ட சமாதானம் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. அப்புறம் ஐம்பது வருஷத்துக்கென்று சாமி சாட்சியாகச் சத்தியம் பண்ணினார்கள். ஏழு வருஷம் முடிவதற்குள் ஒருவர் மண்ணில் ஒருவர் படையோடு நுழைந்தார்கள். ஆகையால், ஆந்திராவும் மதராஸும் எல்லைத் தகராறை ஒரு மத்தியஸ்தரிடம் விடச் சம்மதித்துவிட்டன என்று பேப்பரில் வந்தபோது ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது, இவர் மட்டும் அது எத்தனை வருஷம் தாங்கும் என்று விரல் விட்டு எண்ணினார்.

சத்தியவேடு அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில், மதராஸ் பக்கம் இருந்தது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தால் ஈடாகச் சத்தியவேடு அந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் பேச்சு. ஊர் மதராஸோடுதான் இருக்கவேண்டும் என்று மத்தியஸ்தருக்கு ஒரு மனு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் செங்கல்வராயன். வேர்க்கடலை போடுகிற விவசாயி. தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதையும் ஏர் ஓட்டுகிற வேகத்தில்தான் எழுதுவார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் இதில் தலையிட்டால் வேலைக்கு ஆபத்து என்று வாத்தியார் கெஞ்சினார். பெயர் வெளியே வராது என்று செங்கல்வராயன் அம்மன் மேல் ஆணையிட்டுச் சொன்னார்.

சரி, எழுதினார். யார் எழுதியிருந்தாலும் என்ன எழுதுவார்கள்? ஏரி எங்கே பாய்கிறது, சந்தை எங்கே கூடுகிறது, பெண் எங்கே கொடுக்கிறோம் என்று எழுதுவார்கள். அவரும் மூன்று பாரா அப்படித்தான் எழுதினார். நான்காவது பாராவில் படிப்பு பிடரியைப் பிடித்துத் தள்ளிவிட்டது. ரோமும் கார்த்தேஜும் ஸ்பெயின் தேசத்தில் எப்ரோ ஆற்றை எல்லையாக வைத்து உடன்படிக்கை செய்ததையும், சகுண்டம் என்ற ஊர் ரோமுக்குச் சிநேகமாக இருந்தும் கார்த்தேஜின் பக்கம் மாட்டிக்கொண்டதையும், கார்த்தேஜின் தளபதி ஹானிபால் எட்டு மாதம் முற்றுகையிட்டு அதை அழித்ததையும், அதனாலேயே பெரும் யுத்தம் மூண்டதையும் அரைப் பக்கத்துக்கு எழுதினார். ‘சகுண்டத்துக்கு நேர்ந்த கதி எங்களுக்கு நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சரித்திரம் அறியும்’ என்று முடித்தபோது அவருக்கே புல்லரித்தது. அந்த வட்டாரத்தில் சகுண்டம் என்ற பெயரைக் கேள்விப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான் என்பது அந்த நிமிஷம் அவர் புத்தியில் உறைக்கவில்லை.

பத்திரமானாலும் மனுவானாலும் முழுசாகப் படிக்கக் கேட்டுத்தான் கைநாட்டு வைப்பது அங்கே வழக்கம். செங்கல்வராயன் அதில் ரொம்பக் கறார். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். நான்காவது பாராவை மூன்று தடவை சொல்ல வைத்தார். அப்புறம்தான் முதல் கையெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். அவருக்குக் கீழே நூற்று நாற்பது பேர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஏப்ரல் முதல் தேதி சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. மதராஸ் பக்கமே வேலை வேண்டும் என்று விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வாத்தியார் நகர்ந்திருக்கலாம். தாட்சாயணியின் அப்பா கொடுத்த நிலமும் கிணறும் அங்கேதான் என்பதால் இருந்துவிட்டார். எந்த ராஜாங்கத்துக்கு எதிராக மனு எழுதினாரோ அதே ராஜாங்கம் இப்போது அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

ஜூலையில் யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். மனுவின் கடைசி வரி கலகத்துக்குத் தூண்டுகிறது, எழுதியவர் ஒரு சர்க்கார் ஊழியர் என்று. வாத்தியாருக்கும் செங்கல்வராயனுக்கும் ஒரே நாளில் புது ஜில்லாத் தலைநகரான சித்தூருக்கு வரச்சொல்லி ஓலை வந்தது. அன்றிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் சகுண்டத்தைத் தொடவே இல்லை. அந்த வருஷம் ஹானிபால் ஒரு முகாந்திரமும் இல்லாமல் யானைகளை ஓட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலை ஏறினார், பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். புறப்படுகிற அன்றைக்குத் தாட்சாயணி அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, “தெரியாதுன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. அதுக்கு மேல வாயைத் தொறக்காதீங்க” என்றாள்.

நாகலாபுரம், புத்தூர் என்று பஸ் மாறிப் போனார்கள். வழி நெடுக வாத்தியார் செங்கல்வராயன் பக்கத்தில் உட்காரவே இல்லை. யாராவது பார்த்துவிட்டால்? செங்கல்வராயனும் புரிந்துகொண்டு வேறு சீட்டில் தூங்கினார்.

விசாரணை அதிகாரி மசூலிப்பட்டணம் பக்கத்துக்காரர். தமிழ் சுத்தமாக வராது. குரலை உயர்த்தாத மனுஷர், அதுவே வாத்தியாருக்கு இன்னும் பயமாக இருந்தது. மனுவை எழுதியது யார் என்று தெலுங்கில் கேட்டார். தெரியாது என்று வாத்தியார் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு, மொழிபெயர்க்க வேண்டிய குமாஸ்தா வரவில்லை, நீங்கள் இருந்து இந்தப் பெரியவர் சொல்வதைத் தெலுங்கில் சொல்லுங்கள் என்றார். வேண்டுமென்றே கேட்டாரா, நிஜமாகவே ஆள் இல்லையா என்பது வாத்தியாருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

செங்கல்வராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனுவைச் சொல்லச் சொல்ல எழுதியவன் திருவள்ளூர் பெட்டிஷன் ரைட்டர், போன வருஷம் செத்துப்போனான், சொன்னது அத்தனையும் நான்தான் என்றார். கலகம் தூண்டினதாக உன் மேல் கேஸ் வரும் என்று அதிகாரி எச்சரித்தார். வரட்டும் என்றார். வாத்தியார் இரண்டையும் மொழிபெயர்த்தார். உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, தப்பித்தோம் என்று. அதை நினைத்து அவருக்கே கூசியது.

கையெழுத்துப் போடவே திணறுகிற உனக்குச் சகுண்டம் எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். அது என்ன, சொல் பார்ப்போம்.

“அது ஒரு ஊரு சார்” என்று ஆரம்பித்தார் செங்கல்வராயன். “ஆத்தை எல்லைன்னு கோடு போட்டாங்க. ஊரு அந்தாண்ட மாட்டிக்கினு போச்சு. சிநேகிதக்காரங்க கடலுக்கு அப்பால இருந்தாங்க. எட்டு மாசம் கோட்டையைச் சாத்திக்கினு உள்ள கெடந்தாங்க சார். துன்றதுக்கு ஒண்ணும் இல்ல. சிநேகிதக்காரங்க தூது அனுப்பினாங்க, நாயம் பேசினாங்க. வந்து நிக்கல. ஊரு எரிஞ்சி போச்சு.”

ஒரு பிசகு இல்லை. வாத்தியார் வரி வரியாகத் தெலுங்கில் சொன்னார். தன் பாடத்தைத் தானே திருப்பி ஒப்பிப்பதுபோல இருந்தது. அதிகாரி பேனாவை நிறுத்தி, சிநேகிதர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார். வாத்தியார் கேள்வியைத் தமிழில் சொன்னார். அன்றைக்கு முதல் தடவையாகச் செங்கல்வராயன் அவர் முகத்தைப் பார்த்தார்.

“பயந்துக்கினாங்க. அவங்களுக்கும் பொண்டாட்டி, வூடு, நெலம்னு இருந்துச்சி இல்லையா. நான் தப்பு சொல்ல மாட்டேன்.”

ரோமானியர்கள் அப்போது வேறொரு யுத்தத்தில் மும்முரமாக இருந்தார்கள். வாத்தியார் மனுவைப் படித்துக் காட்டியபோது அப்படித்தான் சொல்லியிருந்தார், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அறையில் மின்விசிறி சுற்றியும் வாத்தியாரின் சட்டை நனைந்துவிட்டது. வாயைத் திறந்தார், அந்தப் பதிலின் மொழிபெயர்ப்பு வரவில்லை, தெலுங்கில் வேறொன்று வந்தது.

“ஐயா, அந்த மனுவை எழுதினது நான்தான்.”

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம், அது இருக்கட்டும், அவர் என்ன பதில் சொன்னார், அதை முதலில் சொல்லுங்கள் என்றார். தப்ப வழி இல்லை. பாலசுந்தரம் சொன்னார். பயந்துவிட்டார்கள், மனைவி, வீடு, நிலம் இருந்தது, நான் தப்பு சொல்லமாட்டேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

வேலை போகவில்லை. நாற்பது நாள் நடுங்க வைத்துவிட்டு, பங்காருபாளையத்துக்கு மாற்றல் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை வாரம் ஒரு நாள்தான் வீடு. செங்கல்வராயன் மேல் கேஸ் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றைக்குச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வாத்தியார் இந்தத் தடவை அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். செங்கல்வராயனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சரியாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் சார் கெடுத்தீர்கள் என்று முணுமுணுத்தபடி இருந்தார். வீட்டில் தாட்சாயணி அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்றும் கேட்டார்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் செங்கல்வராயன் திரும்பி நின்றார்.

“எட்டு மாசத்தை மட்டும் ஆறுன்னு சொல்லிடப் போறேன்னு பயந்துக்கினே நின்னேன் சார். சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்க” என்றார் பாலசுந்தரம். அவருக்கு அழுகை வந்துவிட்டது.