லாசர் வண்டியின் லாக் பின்

எங்கள் எஸ்டேட் டிராக்டர் டிரைவர் லாசரை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவர் முகம் அல்ல, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள்தான்.

எண்பதுகளில் கிளியூர்ப் பெண்கள் நாங்கள் காப்பிப் பழம் பறிக்க அவர் டிரெய்லரில்தான் போவோம். விடியற்காலைப் பனியில் நாங்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, அவர் சாக்கை விரித்து அடியில் படுத்திருப்பார். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடிக்கும் பெரிய இரும்புப் பின்னை உருவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். கிரீஸ் தடவித் திரும்பப் போட்டு, அது எழும்பி வராமல் இருக்க அடி ஓட்டையில் சின்ன லாக் பின்னைச் செருகுவார். சங்கிலியை மாட்டுவார்.

"ஏனுங் லாசரண்ணா, தேவகுமாரி அக்காவ ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்று அவர் மனைவி பேரைச் சொல்லிக் கேலி செய்வோம்.

அவர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தி, இறங்கி மறுபடியும் குனிவார். பிறகுதான், "பாத்தாச்சு, ஏறுங்க" என்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இன்றைக்கு அந்தக் குளிரில் இன்னொரு தடவை நிற்கக் கிடைக்காதா என்று இருக்கிறது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எனக்கு மாதேஸ்வரன் பிறந்தான். மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலில் அவனுக்கு முடி எடுப்பதாக வேண்டுதல். வைகாசித் திருவிழாவுக்கு எஸ்டேட்டில் டிராக்டர் கொடுத்தார்கள். லாசர் விடியும் முன்பே எல்லாம் பார்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் டிரெய்லர் நிறைந்துவிட்டது. குழந்தையோடு நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கம்போல மறுபடியும் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு கேட்டார், "லாக் பின்ன யாருங்க எடுத்தது?"

என் நாத்தனார் கண்ணாயி வாயைத் திறந்தாள். அவள் பேசினால் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குப் பேச்சு கிடையாது. "நாந்தான். சாமிக்கு முடிஞ்ச மஞ்சத் துணிய ரெண்டு வண்டியும் சேருற எடத்துல கட்டோணும்னு தோணுச்சு. அந்த ஓட்டை தோதா இருந்துது. இரும்ப விட சாமி துணி கெட்டி."

"அவுத்துருங்க அக்கா."

"சாமிக்குக் கட்டுனத அவுத்தா புள்ளைக்கு ஆகாது. அதான் சங்கிலி இருக்குதுல்ல?"

"பின்னு தப்புனா ஒரு நிமிஷம் புடிக்கறதுக்குத்தானுங்க சங்கிலி. இத்தனை சனத்த மேடு பூரா இழுக்கறதுக்கு இல்லீங்க."

வேதக்காரனுக்கு நம்ம சாமியைப் பற்றி என்ன தெரியும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கிறிஸ்தவரான லாசருக்கு முகம் சுண்டிப்போனது. துணியில் கை வைக்கவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கொழந்தையக் குடு கண்ணு. டிராக்டர்ல என்ர மடியில வெச்சுக்கறேன். டிரெய்லர் கழண்டாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

பிள்ளை மட்டும் முன்னால் போய்ச் சேர்ந்து நாங்கள் எல்லோரும் பின்னால் உருள்வது கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் நான்.

"அவுத்துருங்க அக்கா," என்றேன். "சாமி கோவிச்சுக்கிட்டா என்னையக் கேக்கட்டும்."

கண்ணாயி என்னை முறைத்தாள். அப்புறம் இறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்தாள். மடியில் செருகியிருந்த லாக் பின்னை எடுத்து அவரிடம் கொடுத்தாள். ஆனால் துணியைக் கீழே வைக்கக் கூடாதே. கையில் பிடித்துக்கொண்டு விழித்தாள்.

லாசர் கிரீஸ் படிந்த மணிக்கட்டை நீட்டினார். "இதுல கட்டுங்க. மலை மேல வரைக்கும் வண்டியப் புடிக்கப்போறது இந்தக் கையிதானுங்களே."

கட்டினாள். மேலே போய்ச் சேர்ந்தோம், பிள்ளைக்கு முடி எடுத்தோம், இறங்கி வந்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. அந்த மஞ்சள் துணி நைந்து தானாக அறும்வரை லாசர் அதோடுதான் மாதா கோயிலுக்குப் போனார். யார் கேட்டதற்கும் அவர் விளக்கம் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம் லாசர் காய்ச்சலில் போய்விட்டார். கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்ததால் பெட்டியை அதே டிரெய்லரில் ஏற்றினார்கள். புது டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாயி வந்து அவனை நிறுத்தச் சொன்னாள். முட்டி பிடித்துக்கொள்ளும் வயது அவளுக்கு. சேற்றில் மண்டியிட்டு, அடியில் கை விட்டுத் தடவினாள். எழுந்து கிரீஸைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"பாத்தாச்சு லாசரு," என்றாள். "போலாம்."